இண்டிகுஸ் நூல்: மூலமும் உரையும்

சிறப்புப் பாயிரம்

நூல் என்று ஒன்று எழுதினால் அதற்குப் பாயிரம் வேண்டும், பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது நம் மரபு. முறையாகவே தொடங்குகிறேன்.

ஆக்கியோன் பெயர்: வேண்டாம். லத்தீன் படித்தவர் யாராவது தேடி வந்தால் வம்பு. வழி: கிரேக்கத்திலிருந்து ரோமுக்கு, ரோமிலிருந்து தாவரவியலுக்கு, அங்கிருந்து எங்கள் பேட்டைப் பூங்காவுக்கு. எல்லை: கிழக்கே தபீர் மேயும் மலேயா, மேற்கே கொலம்பஸ் இறங்கிய தீவு, வடக்கே லின்னேயஸ் இருந்த உப்சாலா, தெற்கே ஒரு புளியமரம். நூற்பெயர்: இண்டிகுஸ். யாப்பு: தொகுத்துச் சொல்லவேண்டியதை விரித்துச் சொல்வது. நுதலிய பொருள்: ஒரே ஒரு பெயரடை. கேட்போர்: மாலை நடைக்குப் போய் நடக்காமல் நிற்பவர்கள். பயன்: கடைசி வரியில் தெரியும்.

இந்நூல் தோன்றக் காரணம் ஒரு தகரப் பலகை. பூங்காவில் உள்ள பெரிய புளியமரத்தில் பச்சை வண்ணம் அடித்த பலகை ஒன்றை மாட்டியிருந்தார்கள். மேல்வரியில் வெள்ளை எழுத்தில் 'புளியமரம்'. கீழ்வரியில் அதன் அறிவியல் பெயர்: 'டாமரிண்டுஸ் இண்டிகுஸ்'. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்த தோட்டக்காரர் கேட்டார்:

"என்ன சார், பேரு தப்பா?"

"கடைசி எழுத்து தப்புண்ணே. இண்டிகான்னு பொம்பளப் பேரா வரணும். ஆம்பளப் பேரா எழுதிட்டாங்க."

அவர் மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார். "புளியில ஏது சார் ஆம்பள, பொம்பள? பனையிலதான் உண்டு" என்று சொல்லிவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு போனார். அவருக்குச் சொல்லவேண்டிய பதில் நீண்டுவிட்டது. அதுவே இந்நூல்.

முதலாவது: பிறப்பியல்

சூத்திரம் 1
சகரம் திரிப்பர் பாரசீகர்;
திரிந்த ஹகரம் கெடுப்பர் கிரேக்கர்;
எஞ்சிய துண்டே இந்தியா என்ப.

என்பது சூத்திரம். இதன் பொருளாவது: சிந்து என்பது ஆறு. அதன் கரையில் இருந்தவர் அதைச் சிந்து என்றே அழைத்தனர். பாரசீகர் நாவில் சொல் முதலில் வரும் சகரம் ஹகரமாகத் திரியும். எனவே அது ஹிந்து ஆயிற்று. சின்ன ஆசியாவின் கடற்கரையில் குடியிருந்த அயோனியக் கிரேக்கர் பாரசீகப் பேரரசின் வழியாக அச்சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் பேச்சிலோ ஹகரமே இல்லை. அதையும் உதிர்த்துவிட்டு இந்தோஸ் என்றார்கள். ஒருவர் திரித்தார், மற்றவர் கெடுத்தார். நம் இலக்கணம் சொல்லும் மூன்று விகாரங்களில் இரண்டு ஒரே ஆற்றின் பெயரில் நடந்து முடிந்தன. மூன்றாவதான தோன்றலும் விடுபடக் கூடாது என்று கிரேக்கர் பின்னால் 'இகோஸ்' என்ற விகுதியைச் சேர்த்தார்கள். இந்திகோஸ் பிறந்தது. பொருள்: இந்தியாவைச் சார்ந்த.

இந்த இகோஸ் விகுதியை நாம் அறியோம் என்று யாரும் சொல்லவேண்டாம். கிரேக்கர் இதைக் கண்ட சொல்லில் எல்லாம் ஒட்டினார்கள். ரோமர்கள் அதை 'இகுஸ்' ஆக்கி வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வாலை நறுக்கி 'இக்' மட்டும் வைத்துக்கொண்டார்கள். மியூசிக், லாஜிக், காமிக், பிளாஸ்டிக் எல்லாம் அந்த வால் அறுந்த பிள்ளைகளே. மளிகைக் கடையில் "பிளாஸ்டிக் பை இல்லீங்க" என்று சொல்லும்போதெல்லாம் கடைக்காரர் ஒரு கிரேக்கப் பெயரடையைக் கையாளுகிறார்.

ரோமர் இந்திகோஸை வாங்கியபோது ஒரு திருத்தம் செய்தார்கள். கிரேக்கத்தில் இது ஆணுக்கு இந்திகோஸ், பெண்ணுக்கு இந்திகே, இரண்டும் அல்லாததற்கு இந்திகோன். லத்தீனில் இண்டிகுஸ், இண்டிகா, இண்டிகும். கிரேக்க வீட்டுப் பெண் ஏகாரத்தில் முடிவாள். ரோமுக்கு மருமகளாக வந்தபின் அந்த வீட்டு வழக்கப்படிதான் முடியவேண்டும்.

சில கிரேக்கப் பெயரடைகளுக்குப் பிறந்த வீட்டில் பெண்பால் உருவமே கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டைதான். 'அந்நியன், உளறுவாயன்' என்ற பொருளில் கிரேக்கர் வழங்கிய பார்பரோஸ் அப்படிப்பட்டது. ரோமர் அதற்கும் பெண்பால் தைத்துக் கொடுத்தார்கள். பார்பரா என்று பெயர் வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த ரோமத் தையலுக்குக் கடன்பட்டவர்கள்.

இரண்டாவது: பாலியல்

இத்தலைப்பைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்த வாசகர் மீண்டும் சாய்ந்துகொள்ளலாம். இங்கே பால் என்பது இலக்கணப் பால்.

சூத்திரம் 2
உஸ்எனின் ஆணே; ஆஎனின் பெண்ணே;
உம்எனின் இரண்டும் அல்லது ஆகும்;
மரமெலாம் பெண்ணே, உஸ்ஸெனப் படினும்.

தமிழில் பாலைப் பொருள் முடிவு செய்கிறது. ஆளைப் பார்த்து அவன், அவள் என்கிறோம். மரம், மாடு, மண்சட்டி எல்லாம் அஃறிணை என்று ஒரே வாசல் வழியாக அனுப்பிவிடுகிறோம். லத்தீனில் பாலைச் சொல்லே சுமந்து நடக்கிறது. மேசைக்கும் பால் உண்டு, மூக்குக்கும் பால் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு என்ன பாலோ அதையே பக்கத்தில் நிற்கும் பெயரடையும் பூணவேண்டும். மாப்பிள்ளை பட்டுவேட்டி கட்டினால் மாப்பிள்ளைத் தோழனும் பட்டுவேட்டி கட்டவேண்டும் என்பது போல.

நம் பெயரடைக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல அப்பா, நல்ல அம்மா, நல்ல பாம்பு. பாம்பைக் கண்டும் 'நல்ல' மாறுவதில்லை. ஆனால் நாமும் ஒரு காலத்தில் நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன என்று ஐந்து பாலும் காட்டியவர்கள்தான். எனவே லத்தீனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்குப் பாதிதான் உண்டு.

மரங்களுக்கு வருவோம். ரோமருக்கு மரம் பெண். கருவாலி, அத்தி, எல்ம் ஆகியவற்றின் லத்தீன் பெயர்கள் குவெர்குஸ், ஃபிகுஸ், உல்முஸ் என்று பார்வைக்கு ஆண்பிள்ளைகளாக முடிந்தாலும் இலக்கணத்தில் பெண்கள். 1753இல் 'ஸ்பீசியஸ் பிளாண்டாரும்' நூலை வெளியிட்டு உலகத்துச் செடிகொடிக்கெல்லாம் இருசொல் பெயர் வைத்த லின்னேயஸ் இந்த மரபைக் கைவிடவில்லை. ஆகவே நம் அரசமரம் ஃபிகுஸ் ரிலிஜியோசா. பெயரிலேயே அரசனை வைத்திருக்கும் மரம், லத்தீனில் 'பக்தை'. அதே நூலில் புளியமரம் டாமரிண்டுஸ் இண்டிகா. முதற்பெயர் ஆண்பிள்ளை முகத்தோடு நின்றாலும் பின்னால் வரும் அடைமொழி உள்ளதைச் சொல்லிவிடும்: இவள் இந்தியாக்காரி. எங்கள் பூங்காப் பலகையை எழுதியவர் முதற்சொல்லின் முகத்தைப் பார்த்து ஏமாந்தவர். அவரைக் குறைசொல்ல முடியாது. ரோமர்களின் பிள்ளைகளே இந்த இடத்தில்தான் அடி வாங்கியிருப்பார்கள்.

மாமரம் மாங்கிஃபெரா இண்டிகா. போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் கேட்டு எடுத்துச்சென்ற 'மாங்கா'வுடன் 'சுமப்பவள்' என்ற லத்தீன் ஈறு சேர்ந்தது. மாங்காய் சுமக்கும் இந்தியாக்காரி. வேம்பு அஸாடிராக்டா இண்டிகா. முதற்சொல் பாரசீகம், 'ஆஸாத் திரக்த்', தளையற்ற மரம். பெருச்சாளி பாண்டிகோடா இண்டிகா. முதற்சொல் தெலுங்கு, 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. பாரசீகச் சொல்லோ தெலுங்குச் சொல்லோ, லத்தீனுக்குள் நுழையும்போது வாசலில் நிறுத்தி ஒரு பால் கொடுத்தே அனுப்புவார்கள். அவ்வகையில் பிள்ளையாரைச் சுமக்கும் பெருச்சாளியும் பெண்ணாயிற்று.

மாடு போஸ் இண்டிகுஸ். போஸ் என்ற சொல் லத்தீனில் காளைக்கும் பசுவுக்கும் பொது. லின்னேயஸ் ஆண்பால் அடையைப் போட்டார். கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கும் நம் திமில் பசுவும் அறிவியல் ஏட்டில் 'இந்தியாக்காரன்' ஆனது அப்படித்தான். இங்கே இன்னொன்றையும் கவனிக்க: போஸ் என்பதும் இண்டிகுஸ் என்பதும் ஓசையில் ஒத்து முடியவில்லை. முடியவேண்டியதில்லை. எதுகை மோனை கேட்பது கவிஞர் வேலை. இலக்கணி பால் மட்டுமே கேட்பார்.

இனி, தோட்டக்காரர் எழுப்பிய தடை. பனையில்தானே ஆண் பெண் உண்டு? உண்டு. ஆண்பனை பாளை விடும், காய்க்காது, பெண்பனை காய்க்கும். அந்தப் பனைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் போராஸுஸ் ஃபிளாபெல்லிஃபெர். 'விசிறி சுமப்பவன்'. ஆண்பால். ஆக, பால் வேறுபாடே இல்லாத புளியமரம் பெண். உண்மையிலேயே ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து நிற்கும் பனையில், நுங்கு காய்க்கும் பெண்பனையும் ஆண். தடைக்கு விடை என்னவெனின், தோட்டக்காரர் மரத்தைப் பற்றிப் பேசினார், நாம் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்க.

மூன்றாவது: வேற்றுமையியல்

சூத்திரம் 3
ஆறே வேற்றுமை ஈரெண் முப்பால்
உறழ முப்பத் தாறிடம் ஆகும்;
ஏறி அமர்வோர் பதின்மூ வர்தாம்.

நமக்கு வேற்றுமை எட்டு. லத்தீனுக்கு ஆறு. அந்த ஆறை ஒருமை, பன்மை என்ற இரண்டாலும், மூன்று பாலாலும் பெருக்கினால் 36 இருக்கைகள். ஆனால் இண்டிகுஸ் என்ற சொல்லின் உருவங்களை எண்ணிப் பார்த்தால் எழுத்தளவில் 13தான் தேறும்: இண்டிகுஸ், இண்டிகி, இண்டிகோ, இண்டிகும், இண்டிகே, இண்டிகோரும், இண்டிகிஸ், இண்டிகோஸ், இண்டிகா, இண்டிகே, இண்டிகாம், இண்டிகாரும், இண்டிகாஸ். பட்டியலில் இண்டிகே இருமுறை வருகிறதே எனின், லத்தீன் எழுத்தில் அவை வேறு வேறு. முதலாவது விளி, இரண்டாவது பெண்பால். தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது இருவரும் ஒரே முகமாகிவிட்டார்கள். பழி நம் எழுத்தைச் சாரும். 36 இருக்கைக்கு 13 பேர் என்றால், ஒருவரே மூன்று நான்கு இடத்தில் துண்டு போட்டு வைத்திருக்கிறார் என்று பொருள். இண்டிகிஸ், இண்டிகா இருவரும் ஆளுக்கு ஆறு இடம் பிடித்திருக்கிறார்கள்.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: இந்தியப் பெருங்கடல்.

எழுவாய், ஓகியானுஸ் இண்டிகுஸ்: இந்தியக் கடல்.
இரண்டாவது, ஓகியானும் இண்டிகும்: இந்தியக் கடலை.
நான்காவது, ஓகியானோ இண்டிகோ: இந்தியக் கடலுக்கு.
நீங்கற்பொருள், ஓகியானோ இண்டிகோ: இந்தியக் கடலிலிருந்து.
ஆறாவது, ஓகியானி இண்டிகி: இந்தியக் கடலின்.
விளி, ஓகியானே இண்டிகே: இந்தியக் கடலே!

தமிழ்ப்பக்கத்தில் 'இந்திய' என்பது தூண்போல நிற்கிறது; கடல் மட்டும் உருபு ஏற்று ஆடுகிறது. லத்தீன் பக்கத்தில் இருவரும் சேர்ந்து கோலாட்டம் ஆடுகிறார்கள். விளியில் மட்டும் இரண்டு மொழியும் ஏகாரத்தில் சந்தித்துக்கொள்கின்றன. இதைக் கண்டு ரோமர்கள் தமிழர்களே என்று நூல் எழுதக் கிளம்பவேண்டாம், தற்செயல். அதே நீரை மரே இண்டிகும் என்றும் சொல்லலாம். 'மரே' என்றாலும் கடல்தான், ஆனால் அச்சொல் இரண்டும் அல்லாத பால். நீர் ஒன்று, அலை ஒன்று. எந்தச் சொல்லால் கூப்பிடுகிறோமோ அதைப் பொறுத்து அது ஆணாகவோ அஃறிணையாகவோ கரையைத் தொடும்.

இவ்விடத்தில் தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு ஒரு கசப்பான செய்தி. லத்தீனில் பெண்பால் எழுவாய் குறில் அகரத்தில் முடியும். நெடில் ஆகாரத்தில் முடிந்தால் அது நீங்கற்பொருள் வேற்றுமை, 'இந்தியாக்காரியிடமிருந்து'. நாம் இண்டிகா என்று நீட்டி எழுதும்போதெல்லாம் எழுவாயை எழுதவில்லை. இக்கட்டுரை முழுவதும் அப்பிழை உள்ளது. தெரிந்தே செய்த பிழை மரபு எனப்படும்.

எஞ்சியது பன்மை. இரண்டும் அல்லாத பாலின் பன்மை இண்டிகா. நம் பலவின்பால் அகரத்தில் முடிவது போல இதுவும் அகரம். இந்த வடிவத்தில் பெயரடை தனியே நின்றால் 'இந்தியாவைப் பற்றியன' என்று பொருள். கிரேக்கர் அதை நூற்பெயராக்கினார்கள். பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்டேசியஸ் ஓர் 'இந்திகா' எழுதினார். அதில் மனித முகமும் தேள் வாலும் உடைய விலங்கு வருகிறது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சந்திரகுப்தரின் அவைக்கு வந்த மெகஸ்தனீஸ் இன்னோர் 'இந்திகா' எழுதினார். தெற்கே பாண்டைய நாடு ஒன்றைப் பெண் ஆண்டாள் என்று அதில் ஒரு குறிப்பும் உண்டு. வாய் இல்லாத மனிதர்களும் அதே நூலில்தான் இருக்கிறார்கள். பின்னாளில் ஸ்டிராபோ, இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பொய்யர்கள் என்று தீர்ப்பளித்து, மெகஸ்தனீஸுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார். இந்தப் பெயரடைக்கும் பொய்க்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது. ஐந்தாம் இயலில் அது பெருகும்.

நான்காவது: திரிபியல்

சூத்திரம் 4
பேரினம் மாறின் பாலும் மாறும்;
நன்னா ரிக்கும் துத்திக்கும் அஃதே.

தாவரவியலார் அவ்வப்போது ஒரு செடியை ஒரு பேரினத்திலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நடுவார்கள். மண்ணில் அல்ல, ஏட்டில். அப்போது அடைமொழி கூடவே போகும். போன இடத்துப் பாலைப் பூணும்.

நன்னாரிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் பெரிப்ளோகா இண்டிகா. பெண். பின்னர் ராபர்ட் பிரவுன் அதற்கென ஹெமிடெஸ்முஸ் என்ற பேரினத்தைப் படைத்தார். 'டெஸ்மோஸ்' கிரேக்கத்தில் கட்டு, தளை, ஆண்பால் சொல். நன்னாரி ஹெமிடெஸ்முஸ் இண்டிகுஸ் ஆயிற்று. மண்ணுக்குள் இருந்த வேருக்கு ஒன்றும் தெரியாது. சர்பத் கடைக்காரருக்கும் தெரியாது. எலுமிச்சையைப் பிழிந்து அதே கண்ணாடித் தம்ளரில் அதே மணத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் குடிக்கிறவர் ஒரு பால் மாற்றத்தைக் குடிக்கிறார்.

துத்திக்கு முதலில் சீடா இண்டிகா என்று பெயர். பெண். அபூடிலோன் பேரினத்துக்கு மாற்றினார்கள். அது இரண்டும் அல்லாத பால். அபூடிலோன் இண்டிகும் ஆயிற்று. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கியது போலத் தோன்றும். துத்தி அன்றும் இன்றும் வேலியோரத்தில் மஞ்சள் பூப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எள்ளுக்கு இந்தக் கவலை இல்லை. செஸாமும் இண்டிகும். பிறந்த நாள் முதல் இரண்டும் அல்லாதது. கிரேக்கச் 'செஸாமோன்' அப்படி. எள்ளுக்குள் எண்ணெய் உண்டே தவிரப் பால் இல்லை.

இதே இயலில் அடங்குவது, துணையைத் தொலைத்த பெயரடை. காஞ்சிபுரத்துச் சேலையைக் 'காஞ்சிபுரம் எடுத்தோம்' என்கிறோம், இடவாகுபெயர். ரோமரும் இந்தியாவிலிருந்து வந்த நீலச் சாயத்தைச் சுருக்கமாக இண்டிகும் என்றனர். நம் அவுரியின் இலையிலிருந்து எடுப்பது. ரோம அறிஞர் பிளினி இது நாணலின் நுரையில் ஒட்டும் சேறு என்று எழுதிவைத்தார். கட்டிகட்டியாகக் கடைக்கு வந்ததைப் பார்த்தவர் செடியைப் பார்க்கவில்லை. இண்டிகும் ஐரோப்பிய மொழிகளில் புரண்டு இண்டிகோ ஆயிற்று.

கதை அங்கே நிற்கவில்லை. 1863இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் ஃபெர்டினாண்ட் ரைக் என்பவர் துத்தநாகக் கனிமத்தை ஆராய்ந்தார். தனிமங்களைச் சுடரில் காட்டி நிறக்கோடுகளைப் பார்த்து அடையாளம் காணும் முறை புதிதாக வந்த காலம். ரைக்குக்கு நிறக்குருடு. நிறம் பார்க்கத் தியோடோர் ரிக்டர் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ரிக்டர் கண்டது அதுவரை யாரும் காணாத அவுரி நீலக் கோடு. புதுத் தனிமத்துக்கு இண்டியம் என்று பெயரிட்டார்கள். அதன் ஆக்சைடை வெள்ளீயத்தின் ஆக்சைடோடு கலந்தால் ஒளி ஊடுருவும், மின்சாரமும் பாயும். தொடுதிரையில் பூசியிருப்பது அதைத்தான். சிந்து நதியின் பெயர் சகரம் இழந்து, ஹகரம் இழந்து, பால் இழந்து, துணை இழந்து, கடைசியில் நம் கட்டைவிரலுக்கு அடியில் வந்து படுத்திருக்கிறது.

ஐந்தாவது: பொய்யியல்

சூத்திரம் 5
பாலொடும் எண்ணொடும் வேற்றுமை யோடும்
ஒத்தல் வேண்டும்; உண்மையோ டொத்தல்
வேண்டும் என்னும் விதியே இலதே.

இதுவே இந்நூலின் உயிர்ச் சூத்திரம். இண்டிகுஸ் என்ற அடை பெற்றவை ஐந்து வகைப்படும்.

முதலாவது, மெய் இண்டிகுஸ். மலை அணில் ரட்டுஃபா இண்டிகா. இந்தியக் காடுகளுக்கு வெளியே இது இயற்கையில் இல்லை. மாமரமும் திமில் மாடும் இவ்வகையே. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மை பேசுவோரைப் பற்றிப் பேச்சு வளராது.

இரண்டாவது, அண்டைவீட்டு இண்டிகுஸ். 1819இல் பெயர் பெற்ற தபீருஸ் இண்டிகுஸ், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கும் தபீர். மலேயாவிலும் சுமத்ராவிலும் உண்டு. இந்தியாவில் உயிர்க்காட்சிசாலையில்தான் பார்க்கலாம். சாமந்தி உறவான கிரிசாந்தமும் இண்டிகும் சீனத்துச் செடி. ஐரோப்பியருக்கு ஆப்பிரிக்க முனையைத் தாண்டினால் எல்லாமே இந்தியாதான்.

மூன்றாவது, கொலம்பஸ் இண்டிகுஸ். 1492இல் கரீபியத் தீவில் இறங்கிய கொலம்பஸ் தாம் வந்தது இந்தியப் பகுதி என்று நம்பினார். அந்த நம்பிக்கை செடிகளின் கழுத்தில் தொங்குகிறது. கோயில் நந்தவனத்தில் சிவப்பாகப் பூக்கும் கல்வாழை, கான்னா இண்டிகா, அமெரிக்காவினுடையது. ஓபுன்டியா ஃபிகுஸ்-இண்டிகா என்ற சப்பாத்திக்கள்ளி வகையும் மெக்சிகோக்காரி. பெயரின் பொருளோ 'இந்திய அத்தி'. அத்தியும் அல்ல, இந்தியாவும் அல்ல.

நான்காவது, கடைத்தெரு இண்டிகுஸ். ஒரு பொருள் எங்கே விளைந்தது என்பதைவிட எந்த ஊர் வழியாக வந்தது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியும். பீச் பழத்தைப் பாரசீக ஆப்பிள் என்றனர் ரோமர். அது விளைந்தது சீனத்தில். அமெரிக்கப் பறவையான வான்கோழியைத் துருக்கியர் இன்றும் 'ஹிந்தி' என்கிறார்கள். நாமும் இதில் குறைந்தவர்கள் அல்லோம். நம் ஊர் இண்டிகுஸுக்குப் பெயர் 'சீமை'. சீமைச் சுண்ணாம்பு, சீமை எண்ணெய், சீமைப் பசு. சீமைக் கருவேலம் வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து; ஆனால் கப்பலில் வந்தது எதுவானாலும் சீமையிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஒரே வேறுபாடு, நம் 'சீமை' எந்தப் பாலுக்கும் எந்த வேற்றுமைக்கும் வளையாது. பொய்யை ஒரே உருவத்தில் சொல்லும்.

ஐந்தாவது, கூறியது கூறும் இண்டிகுஸ். நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று. அதற்கு உலகத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு எங்கள் பூங்காவில் நிற்கிறது. அரபியர் புளியைத் 'தமர் ஹிந்தி' என்றனர், 'இந்தியப் பேரீச்சை'. அதுவே லத்தீனில் டாமரிண்டுஸ் ஆயிற்று. அதன்மேல் லின்னேயஸ் இண்டிகாவைச் சூட்டினார். ஆக, பெயரின் பொருள் 'இந்தியப் பேரீச்சை, இந்தியாக்காரி'. இந்தியா இருமுறை வந்துவிட்டது. புளி பேரீச்சை அல்ல. அதன் பிறந்தகம் ஆப்பிரிக்கா. மிகப் பழங்காலத்தில் இங்கே வந்து, நம் ரசத்தில் இறங்கி, பேய்க்கும் வீடு கொடுத்து, ஊர்க்காரியாகவே ஆகிவிட்டவள். இருசொல் பெயரில் மூன்று பிழைகளைப் பொதிந்தது லின்னேயஸின் சுருங்கச் சொல்லல்.

இத்தனை பொய்யையும் யாராவது திருத்தக் கூடாதா எனின், கூடாது. தாவரங்களுக்குப் பெயரிடுவதற்கென்று ஒரு சர்வதேச விதிநூல் உண்டு. அதன் 51ஆம் விதி, பெயர் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளக்கூடாது என்கிறது. எடுத்துக்காட்டும் தருகிறது: மத்தியதரைக் கடலோரத்தில் பூக்கும் ஸில்லா பெருவியானா பெரு நாட்டில் வளரவில்லை என்பதற்காக அப்பெயரை மாற்ற முடியாது. அதே விதிநூல் இன்னோர் இடத்தில், அடைமொழி பேரினப் பெயரின் பாலோடு பொருந்தவேண்டும், பொருந்தாவிட்டால் ஈற்றைத் திருத்தியே ஆகவேண்டும் என்கிறது. நாட்டை மாற்றிச் சொல்லலாம். பாலை மாற்றிச் சொல்லக்கூடாது.

புறனடை

மேற்கூறியவற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் சொல்லிலிருந்து வந்த 'காஃப்ரா' என்ற அடைமொழி நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளின் பெயரில் இருந்தது. 2024இல் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலார் அதை 'ஆஃப்ரா' என்று மாற்ற வாக்களித்தார்கள். முதலெழுத்து ஒன்றைக் கெடுத்ததும் 'இழிந்தவள்' 'ஆப்பிரிக்கக்காரி' ஆனாள். ஆற்றின் பெயரில் அறியாமல் நடந்த அதே கெடுதல் விகாரம், இம்முறை அறிந்து நடந்தது. பெயரின் மெய்யைத் திருத்தமாட்டார்கள், பெயரின் வசையைத் திருத்துவார்கள் என்று கொள்க.

நூல் முற்றிற்று. போன வாரம் பூங்காவுக்குப் போனேன். பலகைக்குப் புதுவண்ணம் அடித்திருந்தார்கள். யார் சொல்லி எழுதினார்களோ, 'டாமரிண்டுஸ் இண்டிகா' என்று சரியாக இருந்தது. தோட்டக்காரர் அதன் அடியில் உதிர்ந்து கிடந்த புளியம்பழங்களைத் துண்டில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆப்பிரிக்காவில் பிறந்த மரத்தை இந்தியப் பேரீச்சை என்றும், பிறகு இந்தியாக்காரி என்றும் சொல்லும் அந்தப் பலகையில் இப்போது பிழை எதுவும் இல்லை.